10 வருஷம் வளர்ந்தாலும் உள்ளங்கை அளவுதான்... வீட்டுக்குள் அரியோகார்பஸ் கள்ளி வளர்ப்பது எப்படி?

பார்த்தால் வெடித்துப்போன கல் மாதிரி இருக்கும். வளர்ந்த செடியில் முள் கிடையாது. விதை போட்டு 10 ஆண்டு ஆனாலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மெக்சிகோவிலும், அமெரிக்காவின் டெக்சாஸ் எல்லைப் பகுதியிலும் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே வளரும் அரியோகார்பஸ் கள்ளிதான் இது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் இதை வளர்க்க முடியுமா? முடியும். ஆனால் வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வதை அப்படியே செய்தால், ஒரே ஒரு ஐப்பசி மழையில் 10 வருஷ வளர்ச்சி அழுகிப் போய்விடும்.

நம்ம ஊர் கள்ளியும் இதுவும் ஒன்றா?

இல்லை. சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் வேறு குடும்பம். உடைத்தால் பால் வரும், அது கண்ணில் பட்டால் ஆபத்து. கேக்டஸ் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்குச் சொந்தமானது. நாம் நன்றாக அறிந்த சப்பாத்திக்கள்ளிகூட அங்கிருந்து வந்ததுதான்.

எந்த ஜன்னலில் வைப்பது?

'தெற்குப் பார்த்த ஜன்னலில் வையுங்கள்' என்பது அமெரிக்கா, ஐரோப்பாவுக்கான ஆலோசனை. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, ஆகஸ்ட் நடுப்பகுதி வரை மதியத்தில் சற்று வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் கிட்டத்தட்ட விழவே விழாது. கிழக்கு ஜன்னல் அல்லது கிழக்கு பால்கனி கிரில்தான் இங்கே சரி. காலை வெயில் 3, 4 மணி நேரம் போதும். மேற்கு ஜன்னல் கண்ணாடியை ஒட்டி வைத்தால் மே மாதத்தில் தோல் வெந்துவிடும். நடுப்பகுதி வெளிறி மேலே நீள ஆரம்பித்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். உடனே வெயிலில் தூக்கி வைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

மண், தொட்டி

இதற்கு முள்ளங்கி மாதிரி தடித்த வேர். அதனால் அகலமான தொட்டி வேண்டாம், ஆழமான மண் தொட்டி வாங்குங்கள். உடைத்த செங்கல் சில்லு, கொரகொரப்பான மணல், கொஞ்சம் மண்புழு உரம் போதும். செங்கல் சில்லையும் மணலையும் தூசி போகக் கழுவிவிடுங்கள். தேங்காய் நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது வேண்டவே வேண்டாம்.

எப்போது தண்ணீர்?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 'வாரத்துக்கு ஒரு தடவை' என்ற கணக்கு வேலைக்கு ஆகாது. துடைப்பத்து ஈர்க்குச்சி ஒன்றைத் தொட்டியின் அடி வரை குத்தி, 10 நிமிஷம் கழித்து எடுத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டியிருந்தால் ஊற்றாதீர்கள். காய்ந்திருந்தால் அடித் துளை வழியே வடியும் வரை ஊற்றுங்கள்.

கள்ளிகள் ராத்திரியில்தான் துளைகளைத் திறந்து காற்றை உள்ளிழுக்கும். ராத்திரியும் புழுக்கமாக இருக்கும் மே மாதத்தில் செடி ஏறக்குறைய தூங்கிவிடும். அப்போது தண்ணீரைக் குறையுங்கள். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உள்ளே எடுத்து வந்து, ஃபேன் காற்று படும் இடத்தில் வையுங்கள். டிசம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட தண்ணீரே தேவையில்லை. இந்தச் சமயத்தில்தான் நடுவில் இருக்கும் பஞ்சுக்குள்ளிருந்து பூ வரும், அந்தக் குஷியில் ஊற்றிவிடாதீர்கள்!

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைத்தண்ணீரைப் பிடித்து வையுங்கள். ஆர்.ஓ. மிஷின் வெளியே தள்ளும் தண்ணீர் கூடவே கூடாது, உப்பு மொத்தமும் அதில்தான் இருக்கும்.

வாங்குவதில் என்ன சிக்கல்?

அரியோகார்பஸ் வகைகள் அனைத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ளன. காட்டில் பிடுங்கிய செடியை வணிகத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுபோகத் தடை. 2022-ல் நமது வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, இந்தப் பட்டியல்கள் அட்டவணை 4-ல் சேர்க்கப்பட்டன. முதல் பட்டியல் செடிகளை நர்சரியில் பெருக்குபவர்கள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த ஆவணத்தைக் கேட்க உங்களுக்குத் தயக்கமே தேவையில்லை.

கடத்தல் கதை சும்மா இல்லை. 2020-ல் இத்தாலியில் ஒரே வழக்கில் 1,000-க்கும் மேற்பட்ட அரிய கள்ளிகள் பிடிபட்டன. பெரும்பகுதி சிலி நாட்டின் பாலைவனத்திலிருந்து பிடுங்கப்பட்டவை. உலகின் கள்ளி வகைகளில் 31 சதவீதம் அழிவு அபாயத்தில் இருப்பதாக 2015-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

வேர் வெட்டுப்பட்டு, உடம்பெல்லாம் பழைய காயத்தோடு, மண்ணில்லாமல் வரும் பெரிய செடியைச் சந்தேகப்படுங்கள். டிராகன் ஃபுரூட் தண்டில் ஒட்டுக்கட்டிய செடி விலை குறைவாக, வேகமாக வளரும். உருவம் கொஞ்சம் ஊதிப்போய் இருக்கும், அவ்வளவுதான். முதல் முறை வளர்ப்பவர்களுக்கு அதுவே போதும்.

அழுக ஆரம்பித்தால்?

அடிப்பகுதியை அழுத்தினால் மெத்தென்று இருந்தால் அன்றைக்கே தொட்டியிலிருந்து எடுங்கள். சுத்தமான கத்தியால், பழுப்பு நிறம் துளியும் தெரியாத அளவுக்கு வெட்டி, கந்தகத் தூள் தடவி, நிழலில் 2 வாரம் காய விடுங்கள். பிறகு காய்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர்.