மூன்று நிமிஷத்தில் ஒரு பாட்டு

பெங்களூரில், பசவனகுடியிலோ மல்லேசுவரத்திலோ ஒரு வீட்டு அறையில் அமர்ந்து, கணிப்பொறியையும் ஒலிவாங்கியையும் துணைக்கொண்டு, ஓர் இளைஞர் தம் பாட்டைத் தாமே பதிவு செய்துகொள்வது இக்காலத்தில் வியப்பன்று. வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. பாட்டு தொடங்குகிறது, முடிவதில்லை. இருபது முறை பாடிய பின்னும் இருபத்தோராவது முறைக்கு ஆயத்தமாகிறார். அழிக்கவும் திருத்தவும் தடையே இல்லாத இடத்தில் முற்றுப்புள்ளி வைப்பவர் யார்? விடை காண நாம் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் ஓர் ஓட்டல் அறையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கினார். மின்சாரத்தால் ஒலியைப் பெருக்கிப் பதியும் முறை அப்பொழுது இல்லை. பெரிய கூம்பு ஒன்றின் வாயருகே முகத்தை வைத்துப் பாடகர் உரக்கப் பாடவேண்டும். ஒலியின் அதிர்வு ஊசியை அசைக்க, சுழலும் மெழுகுத் தட்டில் ஊசி கோடு கிழிக்கும். தலை விலகினால் ஒலி மங்கும். தலையாட்டாமல் பாடுவது நம் வித்வான்களுக்கு எத்தகைய தண்டனை! பிழை நேர்ந்தால் அம்மெழுகு வீண். எல்லாவற்றினும் கடுமையானது காலம். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிஷமே அடங்கும்.

அங்கே பாடியவர்களுள் தலையாயவர் கௌஹர் ஜான். ஒரு மணி நேரம் விரித்துப் பாடத்தக்க ராகத்தில் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதைக் கூம்பின்முன் நிற்குமுன்னரே அவர் தீர்மானித்தாக வேண்டும். பாட்டின் இறுதியில், தம் பெயர் கௌஹர் ஜான் என்று ஆங்கிலத்தில் அறிவிப்பார். அது தற்பெருமையன்று. தட்டுகள் ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகரில் அச்சாகித் திரும்பிய காலம் அது. பாடியவர் இன்னார் என அங்குள்ள தொழிலாளருக்குத் தெரியவேண்டுமே! அவ்வறிவிப்புக்கும் அம்மூன்று நிமிஷத்திலேயே இடம் ஒதுக்கினார். அவ்வம்மையார் 1928-இல் மைசூர் அரண்மனையின் ஆதரவைப் பெற்று, 1930 ஜனவரியில் அந்நகரிலேயே காலமானார்.

கர்நாடக சங்கீதமும் இக்கட்டுக்கு உட்பட்டது. ஆலாபனை சில விநாடிகளாகச் சுருங்கிற்று. நிரவலும் கற்பனை ஸ்வரமும் பெரும்பாலும் விடைபெற்றன. இது கலைக்கு நேர்ந்த நஷ்டமே, மறுப்பதற்கில்லை. ஆயினும் ராகத்தின் உயிரை முதற் பிடியிலேயே காட்டும் திறமைக்கு இசைத்தட்டைப்போல் கண்டிப்பான ஆசான் வேறில்லை என்பது நம் எண்ணம்.

இனி வீட்டுக்கு வருவோம். 1935-இல் மைசூர்ப் பேராசிரியர் எம். வி. கோபாலஸ்வாமி தம் இல்லத்திலேயே முப்பது வாட் சக்தியுள்ள சிறு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். ஆகாசவாணி என்னும் பெயர் தாங்கிய அந்நிலையம் 1955-இல் பெங்களூருக்கு மாறியது. வீட்டு நிலையமாயினும், ஒலிபரப்பு என்றால் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டேயாக வேண்டும்.

அமெரிக்காவிலோ, லெஸ் பால் என்னும் கிதார்க் கலைஞர் 1940-களில் தம் வீட்டுக் கார்க் கொட்டகையில், ஒரு பதிவின்மேல் மற்றொன்றைச் சேர்த்துத் தாமொருவரே பல வாத்தியக்காரராக ஒலித்தார். தொடக்கத்தில் அவர் கையாண்டவை இசைத்தட்டுகளே. ஒவ்வோர் அடுக்குக்கும் முந்தையது சற்றுத் தெளிவிழக்கும். ஆகவே எந்த வாத்தியம் முன்னே, எது பின்னே என்பதை முதலிலேயே வகுத்துக்கொள்ளவேண்டியிருந்தது.

இவற்றை எண்ணி, பெங்களூர் நண்பர் ஒருவர் வீட்டில் நாம் ஒரு சோதனை செய்தோம். சுருதி, காலப்பிரமாணம், பாட்டின் நீளம் மூன்றையும் காகிதத்தில் முதலில் குறித்தோம். நான்கு முறைக்குமேல் பாடுவதில்லை, பாடும்போதே திருத்துவதில்லை என்று உடன்பட்டோம். பல மாதங்களாக முடியாதிருந்த பாட்டு ஒரே மாலையில் முடிந்தது. நான்காம் பதிவைத் தேர்ந்துகொண்டோம். சரணத்தில் தெருவில் சென்ற காய்கறி வண்டிக்காரரின் குரலும் அதில் கேட்கிறது. நண்பர் அதை நீக்கவில்லை.