தூசு என்று பெயர் வைத்தார்கள்

போன மாதம் தஞ்சாவூரிலிருந்து அண்ணன் போன் பண்ணினார். "டேய், எக்ஸோசோம்னு ஒரு ஊசி இருக்காம். போட்டா அம்மாவுக்கு ஞாபகம் திரும்பிடுமாம். நான் எஃப்.டி.யை உடைக்கிறேன், மீதியை நீ பாத்துக்க" என்றார்.

அம்மா புனேயில் எங்களோடு இருக்கிறார். அல்சைமர். சில நாள் காலையில் என்னைப் பார்த்து, "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்பார்.

நான் பி.காம். ஆசாமி. பயாலஜியோடு உறவு பத்தாம் வகுப்போடு முடிந்தது. ஆனால் பழைய கணக்கைப் பார்க்காமல் யாருக்கும் லோன் கையெழுத்துப் போட்டதில்லை. இதன் பழைய கணக்கையும் தேடிப் படித்தேன்.

1946-ல் அமெரிக்காவில் சார்காஃப், வெஸ்ட் என்ற இருவர், செல்கள் நீக்கிய ரத்தத் திரவத்தை அதிவேகமாகச் சுழற்றினார்கள். ரத்தம் உறைய உதவும் நுண்துகள்கள் அடியில் தங்கின. 1967-ல் பீட்டர் வுல்ஃப் அவை தட்டணுக்களிலிருந்து வருகின்றன என்று காட்டி, "தட்டணுத் தூசு" என்றார். ஆமாம், தூசு!

1983-ல் கனடாவில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழுவும் அமெரிக்காவில் ஹார்டிங், ஸ்டால் குழுவும் தனித்தனியாக ஒன்றைப் பார்த்தன. முதிர்ந்து வரும் சிவப்பணு, தனக்கு வேண்டாத புரதத்தைச் சின்னப் பைகளில் கட்டி வெளியே தள்ளுகிறது. 1987-ல் ஜான்ஸ்டோன் இவற்றை எக்ஸோசோம் என்று அழைத்தார். ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். பல வருடங்கள் இவற்றைக் குப்பை மூட்டை என்றே நினைத்தார்கள்.

2007-ல் ஸ்வீடனில் லோட்வால் குழு மூட்டையைப் பிரித்தது. உள்ளே ஆர்.என்.ஏ. எலி செல்லின் பைகளை மனித செல்லுக்குக் கொடுத்தால், அங்கே எலிப் புரதம் உருவானது. குப்பை இல்லை, தபால்!

தபாலில் நல்ல சேதியும் வரும், கெட்ட சேதியும் வரும் இல்லையா? 2006-லேயே ஜெர்மனியின் டிரெஸ்டனில் ராஜேந்திரன், கை சைமன்ஸ் குழு, அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டில் ஒரு சிறு பங்கு இந்தப் பைகளோடு வெளியேறுவதைக் காட்டியது. 2015-ல் பாஸ்டனில் எலிகளில் நடந்த ஆய்வில், டௌ என்ற இன்னொரு புரதம் பரவ இவை உதவின. பை உற்பத்தியைத் தடுத்தபோது பரவலும் குறைந்தது. ஆனால் 2012-ல் ஜப்பானில் நடந்த சோதனைச்சாலை ஆய்வில், நரம்பு செல்லின் பைகள் அமிலாய்டைத் துப்புரவு செல்களிடம் சேர்த்து அகற்ற உதவின.

ஆக, ஒரே பையின் பெயரில் பற்றும் இருக்கிறது, வரவும் இருக்கிறது. கணக்கு இன்னும் டேலி ஆகவில்லை. டேலி ஆகாத கணக்கை வைத்து ஊசி விற்கிறார்கள். 2019 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இப்படிப்பட்ட ஊசிகள் பற்றி மக்களை எச்சரித்தது. எந்த எக்ஸோசோம் தயாரிப்பையும் தான் அங்கீகரிக்கவில்லை என்றும் சொன்னது.

அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப ஒண்ணுமே பண்ண முடியாதாடா?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எஃப்.டி. அப்படியே இருக்கட்டும், வட்டியில் அம்மாவுக்குப் பகல் நேரத்துக்கு ஒரு ஆள் வைக்கலாம் என்றேன். சரி என்றார்.

இன்று காலையும் அம்மா கேட்டார். "தஞ்சாவூரும்மா" என்றேன்.

"அட, நம்ம ஊரு!" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.