எம். எஸ். (மருத்துவச் சுருக்கம்)

எம். எஸ். என்பது மருத்துவத் துறையில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் தரும் சுருக்கக் குறியீடு ஆகும். இது மருத்துவரின் பெயருக்குப் பின் வந்தால் அறுவை மருத்துவப் பட்டத்தையும், நரம்பியல் அறிக்கையில் தண்டுவட மரப்பு நோயையும், இதயவியல் அறிக்கையில் ஈரிதழ் வால்வுச் சுருக்கத்தையும் பெரும்பாலும் குறிக்கும். இவ்விடங்களில் சூழலே பொருளை உணர்த்திவிடும்.

மருந்துச் சீட்டில் இவ்வாறு ஊகிப்பது ஆபத்தானது. அங்கு இது வலி நீக்கியான மார்பீன் சல்பேட்டையோ, பேறுகால வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட்டையோ குறிக்கலாம். இரண்டும் ஊசி வழியே செலுத்தப்படுபவை. அளவு மிகுந்தால் இரண்டுமே மூச்சை ஒடுக்கவல்லவை. எனவே ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன், 2004 இல் இதனைப் பயன்படுத்தக் கூடாத சுருக்கங்களின் பட்டியலில் சேர்த்தது. மருந்தின் பெயரை முழுமையாக எழுதவேண்டும் என்பதே அதன் விதி.