காலடியில் ஆயிரம் அடி

ஃபிராங்க் விட்டிலின் ஜெட் எஞ்சின் 1941 மே 15 அன்று கிரான்வெல்லில் முதல் பிரிட்டிஷ் ஜெட் விமானத்தைத் தூக்கிக்கொண்டு பறந்ததைப் போன வாரம் பார்த்தோம். அந்த வழியில் வந்த எஞ்சின்களை இறக்கைக்கு ஒன்றாகப் பொருத்தி க்ளாஸ்டர் நிறுவனம் கட்டிய மீட்டியர், 1944 ஜூலையில் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தது. ஹிட்லரின் பறக்கும் குண்டுகளைத் துரத்தியது. 1945 நவம்பரில் மணிக்கு 606 மைல் வேகத்தில் பறந்து உலக சாதனையும் படைத்தது. இந்தப் பெருமைகளைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல நினைப்பது மீட்டியரின் பயிற்சி வடிவமான டி-7 பற்றி. குறிப்பாக, அது தரையிறங்க வரும் கடைசி இரண்டு நிமிடங்களைப் பற்றி.

அதுவரை மீட்டியரில் ஒரே இருக்கைதான். அதில் ஏறும் இளைஞனுக்கு முன்னே பின்னே ஜெட் ஓட்டிய பழக்கம் இருக்காது. பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கவும் ஆள் கிடையாது. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் மூக்கை நீட்டி, முன்னால் மாணவன், பின்னால் பயிற்றுநர் என்று இரண்டு இருக்கை வைத்த டி-7 வந்தது. 1948 மார்ச் 19 அன்று முதலில் பறந்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் முதல் ஜெட் பயிற்சி விமானம் இதுதான். 600-க்கும் மேல் கட்டினார்கள். 1950-ல் கொரியப் போர் மூண்டதும் விமானிகளை அவசர அவசரமாக உருவாக்க வேண்டியிருந்தது. இருபது வயதுகூட நிரம்பாத பையன்கள் பலர் இதில் ஏறினார்கள்.

இப்போது அந்த மாணவனின் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். ஓடுபாதை இடது பக்கம், இணையாக ஓடுகிறது. உயரம் சுமார் ஆயிரம் அடி. வேகம் கொஞ்சம் அதிகம். குறைக்க ஏர்பிரேக் நெம்புகோலை இழுக்கிறான். இறக்கையின் மேலும் கீழும் சீப்புப் பற்கள் போலத் தகடுகள் எழுந்து காற்றை மறிக்கின்றன. வேகம் இறங்குகிறது. அடுத்த வேலை சக்கரம். அதற்கான நெம்புகோலைத் தள்ளுகிறான். இதற்கிடையில் ஏர்பிரேக்கை மூட மறந்துவிட்டான்.

இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் இறங்குவதில்லை. ஒன்று முந்தும், மற்றது பிந்தும். முந்திய பக்கம் காற்று இழுக்க, விமானம் பக்கவாட்டில் திரும்புகிறது. ஏற்கெனவே ஏர்பிரேக் கலக்கிவிட்ட காற்று வால் பகுதியில் மோதுகிறது. டி-7-ன் கனத்த சட்டம் போட்ட நீளமான கண்ணாடிக் கூடும் தன் பங்குக்குக் காற்றைக் குலைக்கிறது. வால் பிடிமானம் இழந்ததும் மூக்கு சட்டென்று கீழே குத்துகிறது. மாணவன் கட்டுப்பாட்டுத் தண்டை வயிறுவரை இழுத்தாலும் மூக்கு எழும்பாது. ஏர்பிரேக்கை மூடினால் மீளலாம்; ஆனால் என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் அந்த ஆயிரம் அடி தீர்ந்துவிடும். விமானிகள் இதற்கு ‘ஃபேண்டம் டைவ்’ என்று பெயர் வைத்தார்கள். பேய் பிடித்துத் தள்ளியது போன்ற பாய்ச்சல் என்று நாம் சொல்லலாம்.

இரண்டாவது ஆபத்து, ஒற்றை எஞ்சின் தரையிறக்கம். மீட்டியரின் எஞ்சின்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் தள்ளி இருந்தன. ஒன்று நின்றால் மற்றது விமானத்தை ஒரு பக்கமாகச் சுழற்றித் தள்ளும். நேராகப் பிடிக்க விமானி ஒரு காலால் ரட்டர் (வால் சுக்கான்) பெடலை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே வர வேண்டும். தொடை நடுங்கும். வேகம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் எவ்வளவு மிதித்தாலும் ரட்டர் ஈடுகொடுக்காது. அப்போது பதறிப்போய் ஓடும் எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து மேலே ஏற முயன்றால், விமானம் மல்லாந்து புரண்டுவிடும்.

எஞ்சின் நின்றால் சமாளிக்கத் தெரிய வேண்டுமே என்று, வானத்தில் ஓர் எஞ்சினை வேண்டுமென்றே அணைத்துப் பழக்கினார்கள். எஞ்சின் உண்மையிலேயே நின்று இறந்தவர்களைவிட இந்தப் பழக்கத்தில் இறந்தவர்கள் அதிகம். உயிரைக் காக்கக் கொடுத்த பயிற்சியே உயிரை எடுத்தது என்பதை என்னால் இன்றும் மனம் ஆறிப் படிக்க முடியவில்லை. பிரிட்டிஷ் விமானப்படை இழந்த எல்லா வகை மீட்டியர்களும் சேர்ந்து 890. மாண்ட விமானிகள் 450 பேர். 1953-ல் மட்டும் 145 விமானங்கள் போயின. ‘விமானியின் தவறு’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவது எளிது. ஒரு நெம்புகோலை மறந்ததற்கு மன்னிப்பே தராத விமானத்தை ஒரு சிறுவனிடம் கொடுத்தவர்களுக்கும் அந்தத் தவறில் பங்கு உண்டு என்பேன்.

சக்கரத்தை இறக்கும் முன் ஏர்பிரேக்கை மூடு என்பது கட்டாய விதியாயிற்று. ஆனாலும் மூக்கைக் கீழே குத்தும் அந்தக் குணம் விமானத்தை விட்டுப் போகவில்லை. 1988 மே 30 அன்று கவென்ட்ரி விமானக் கண்காட்சியில், பாதுகாத்து வைத்திருந்த ஒரு டி-7 கூட்டத்தின் கண்ணெதிரே விழுந்து அதன் விமானி இறந்தார். நாற்பது ஆண்டுப் பழைய அதே ஏர்பிரேக் சிக்கல்தான் அங்கேயும் பேசப்பட்டது.

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் ஆல்ரூவாஸ் என்ற ஊருக்கு அருகே, இரண்டாம் உலகப்போருக்குப் பின் பணியில் இறந்த படையினருக்கு ஒரு நினைவிடம் 2007-ல் திறக்கப்பட்டது. வெள்ளைக் கல்லில் 15,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். பயிற்சியில் இறந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். அவர்களில் பலரின் பெற்றோர் அதைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள்.

டி-7-ல் பறந்தவர்களுக்குத் தப்ப வழி குறைவு. அதில், விமானியை இருக்கையோடு வெளியே வீசும் எஜக்‌ஷன் சீட் கிடையாது. ஆபத்தென்றால் கண்ணாடிக் கூட்டைக் கழற்றி எறிந்து, எழுந்து குதிக்க வேண்டும். தரையிறங்கும் உயரத்தில் அதற்கு வழியே இல்லை. 1955 செப்டம்பர் 3 அன்று சால்க்ரோவ் விமானத்தளத்தில் மார்ட்டின்-பேக்கர் நிறுவனம், தரைமட்டத்திலேயே தப்ப முடியுமா என்று பார்க்க, தன் எஜக்‌ஷன் சீட்டை வைத்து ஒரு சோதனை நடத்தியது. அதற்காக மாற்றியமைத்த ஒரு டி-7 ஓடுபாதையில் விரைந்தது. சக்கரங்கள் இன்னும் தரையை விடவில்லை. பின் இருக்கையில் இருந்த ஜான் ஃபைஃபீல்ட், நாற்காலியை இயக்கும் முகத்திரையின் பிடியை இழுத்தார். நாற்காலி வெடித்து மேலே போனது, வான்குடை விரிந்தது, அவர் உயிரோடு தரையில் இறங்கினார். அந்த நாற்காலியைச் செய்த ஜேம்ஸ் மார்ட்டின், தன் நண்பரை ஒரு விமான விபத்தில் பறிகொடுத்தவர். அவர் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)