கம்பியைத் தளர்த்தினால் பிறக்கும் இசை

கிடாரின் சுருதி இறங்கிப் போனால் எல்லோரும் கம்பியை முறுக்குவார்கள். ஹவாய்த் தீவுக்காரர்களோ வேண்டுமென்றே தளர்த்தினார்கள்! அவர்கள் மொழியில் இதற்குப் பெயர் 'கீ ஹோஆலு'. ஆங்கிலத்தில் ஸ்லாக் கீ.

கதை ஆரம்பிப்பது மாடுகளில். 1793-ல் பிரிட்டிஷ் கப்பல் தலைவர் ஜார்ஜ் வான்கூவர், அரசர் முதலாம் கமேஹமேஹாவுக்குச் சில மாடுகளைப் பரிசளித்தார். அவற்றைக் கொல்லக் கூடாதென்று அரசர் தடை போட்டார். பிறகென்ன, மாடுகள் பெருகித் தோட்டம் துரவெல்லாம் மேய்ந்து தீர்த்தன. அடக்கத் தெரிந்த ஆள் அங்கே இல்லை. எனவே 1830-களில் மூன்றாம் கமேஹமேஹா காலத்தில், அன்று மெக்சிகோவைச் சேர்ந்திருந்த கலிபோர்னியாவிலிருந்து குதிரையேறி மாடு பிடிக்கும் ஆட்கள் வரவழைக்கப்பட்டார்கள். அவர்களோடு கிடாரும் வந்தது. ('எஸ்பான்யோல்' என்ற சொல்தான் ஹவாய் வாயில் 'பனியோலோ' ஆகி, இன்றும் மாட்டுக்காரரைக் குறிக்கிறது.)

ஹவாய்க்காரர்கள் கருவியை எடுத்துக்கொண்டு, சுருதியைத் தங்கள் பாட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். மிகப் பிரபலமான 'டாரோ பேட்ச்' முறையைப் பாருங்கள். வழக்கமான ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ வரிசையில் இரு ஓரத்து ஈ கம்பிகளும் டி-க்கு இறங்கும். ஏ கம்பி ஜி-க்கு இறங்கும். இப்போது எந்தக் கம்பியையும் அழுத்தாமல் மீட்டினாலே முழு ஜி மேஜர் கேட்கும். கட்டைவிரல் கீழ்க்கம்பிகளில் தாளம் பிடிக்க, மற்ற விரல்கள் மெட்டை வாசிக்கும். ஒருவர் வாசிப்பது இருவர் வாசிப்பதுபோல் இருக்கும். மடியில் கிடத்தி இரும்புத் துண்டால் தேய்க்கும் ஹவாயன் ஸ்டீல் கிடார் வேறு; பலரும் குழப்பிக்கொள்வதுண்டு.

இந்தச் சுருதிகள் குடும்ப ரகசியங்கள். வெளியாளுக்குத் தெரியாமலிருக்க, வாசித்து முடித்ததும் கம்பிகளைக் கலைத்து வைத்தவர்களும் உண்டு. 1893-ல் அரசாட்சி கவிழ்க்கப்பட்டது. 1896-ல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. மொழியே வீட்டுக்குள் ஒடுங்கிய காலத்தில், வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்த கலை என்ன ஆகும்? வாசித்த தாத்தாவோடு சுருதியும் போய்விடும் நிலைதான்.

இதை வெளியே கொண்டுவந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் கேபி பஹினுய். 1946-ல் பதிவான இவருடைய 'ஹிஇலாவே' பாட்டு பல இளைஞர்களைக் கிடார் எடுக்க வைத்தது. இவ்வளவு பெரிய கலைஞர் பிழைப்புக்காக ஹொனலுலுவில் சாலை போடும் வேலை செய்தார் என்பதுதான் வேதனை. 1970-களில் ஹவாய்ப் பண்பாடு மறுமலர்ச்சி கண்டபோது இளைஞர்கள் இவரைத் தேடி வந்தார்கள். 1980-ல் காலமானார்.

1990-களில் பியானோ கலைஞர் ஜார்ஜ் வின்ஸ்டன் தன் 'டான்சிங் கேட்' நிறுவனத்தின் மூலம் மூத்த கலைஞர்களைப் பதிவு செய்து வெளியிட்டார். அந்த ஆல்பங்களோடு வந்த குறிப்புகளில் ஒவ்வொரு பாட்டின் சுருதியும் அச்சிடப்பட்டிருந்தது.