கடிகாரம் முன்னே, கதிரவன் பின்னே: கிள்ளான் பள்ளத்தாக்கின் பள்ளி மணியும் உடற்கடிகாரமும்

1981 டிசம்பர் 31ஆம் நாள் இரவு 11.30 ஆனபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் நள்ளிரவு 12க்குத் திருப்பி வைக்கப்பட்டன. மகாதீர் முகமது பிரதமரான ஆறு மாதத்துக்குள் எடுக்கப்பட்ட முடிவு இது. சபாவும் சரவாக்கும் ஏற்கெனவே கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் முன்னால் இருந்தன. தீபகற்பம் ஏழரை மணியில் இருந்தது. ஒரே நாட்டுக்கு ஒரே நேரம் என்ற நிர்வாகத் தேவைக்காகத் தீபகற்பம் அரை மணி முன்னே நகர்ந்தது. சிங்கப்பூரும் உடன் நகர்ந்தது. அந்த முடிவின் அரசியல் நியாயத்தை இக்கட்டுரை மறுக்கவில்லை. அது உடலியலில் விட்டுச்சென்ற விளைவையே ஆராய்கிறது. கடிகாரம் நகர்ந்தது, மனித உடல் நகரவில்லை. அந்த இடைவெளியின் சுமையைக் கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் அதிகம் சுமப்பவர்கள் இடைநிலைப்பள்ளி மாணவர்கள். அதைக் குறைக்க நாட்டின் நேரத்தை மாற்றவேண்டியதில்லை, பள்ளி மணியை மாற்றினால் போதும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

முதலில் கணக்கு. கோலாலம்பூர் ஏறத்தாழக் கிழக்குத் தீர்க்கரேகை 101.7 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்ற வீதத்தில், கதிரவனை வைத்துப் பார்த்தால் இந்நகரின் நேரம் கிரீன்விச்சுக்கு 6 மணி 47 நிமிடம் முன்னால். நம் கைக்கடிகாரம் அதைவிட 1 மணி 13 நிமிடம் முந்தி ஓடுகிறது. உச்சிப்பொழுது சராசரியாகப் பிற்பகல் 1.13க்கும், உண்மையான நடுநிசி அதிகாலை 1.13க்கும் வருகின்றன. இந்த இடைவெளி ஒரே நாளில் உண்டானதன்று. 1905இல் மலாயா கிரீன்விச்சுக்கு 7 மணி முன்னால் என்ற நேரத்தை ஏற்றபோது இடைவெளி 13 நிமிடம்தான். 1933இல் 20 நிமிடமும், 1941இல் மேலும் 10 நிமிடமும் கூடி அது 43 நிமிடமாயிற்று. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரம் திணிக்கப்பட்டு 2 மணி 13 நிமிடமாக விரிந்து, 1945இல் பழைய நிலைக்குத் திரும்பியது. 1982இல் இன்றைய அளவு வந்தது. சூரியோதயம் நவம்பர்த் தொடக்கத்தில் 7 மணியை ஒட்டியும், பிப்ரவரியில் ஏறத்தாழ 7.28க்கும் நிகழ்கிறது. பள்ளிகளோ பெரும்பாலும் 7.30ஐ ஒட்டித் தொடங்குகின்றன. அதற்காக 5.45க்கு எழும் மாணவர் கதிரவன் கணக்கில் 4.32க்கே எழுகிறார். ஓர் ஒப்பீடு இதை மேலும் தெளிவாக்கும். பள்ளிவாசல்களின் சுபுஹ் தொழுகை நேரம் கதிரவனைப் பின்பற்றுகிறது. சூரியோதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பகுத்து இராகு காலம் கணிக்கும் பஞ்சாங்கமும் அவ்வாறே. சமய வாழ்வு வானத்தைப் பார்க்க, பள்ளி மணி மட்டும் அரசாணையைப் பார்க்கிறது.

இது ஏன் பொருட்படுத்தத் தக்கது? 1729இல் பிரெஞ்சு அறிஞர் ழான் ழாக் தெ மேரான் ஒரு செடியை இருட்டில் வைத்தும் அதன் இலைகள் வேளை தவறாமல் விரிந்து மூடுவதைப் பதிவுசெய்தார். அது தொட்டாற்சுருங்கி இனம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. நேரக் கணக்கு உயிருக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு அது முதல் சான்று. 1971இல் கொனோப்காவும் பென்சரும் பழ ஈயில் அக்கணக்கை மாற்றும் மரபணுவைக் கண்டறிந்தனர். அந்த மரபணுவிலிருந்து உருவாகும் புரதம் செல்லில் சேர்ந்து, தன்னை உண்டாக்கிய மரபணுவையே அடக்கி, பின் சிதைந்து, மறுபடி உருவாகும் சுழற்சியை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவரும் 2017இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதரில் இச்சுழற்சிகளை ஒருங்கிணைப்பது, கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே ஹைப்போதலாமஸில் உள்ள, சுமார் 20,000 நரம்புச் செல்களாலான மையம். அதன் சொந்தச் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சராசரியாக 11 நிமிடம் நீளமானது என 1999இல் சைஸ்லர் குழுவினர் அளந்தனர். ஆகவே தனியே விட்டால் அது நாள்தோறும் பிந்தும். அதை நேர்செய்வது விழித்திரையில் மெலனாப்சின் என்னும் நிறமி கொண்ட செல்கள் பெறும் ஒளி. காலை ஒளி உடற்கடிகாரத்தை முன்னே இழுக்கிறது. மாலையிலும் முன்னிரவிலும் படும் ஒளி பின்னே தள்ளுகிறது. கதிரவனுக்கு முந்தி எழுப்பி, கதிரவன் மறைந்தபின்னும் நெடுநேரம் விளக்கொளியில் வைத்திருக்கும் கால அட்டவணை, இழுக்கவேண்டிய ஒளியைக் குறைத்துத் தள்ளும் ஒளியைக் கூட்டுகிறது. பருவ வயதில் உடற்கடிகாரம் இயல்பாகவே பிந்துகிறது, அந்தப் பிந்தல் இருபது வயதை ஒட்டி உச்சமடைகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், படிவம் 4, 5 என்னும் மேல் வகுப்பு மாணவரின் நிலை விளங்கும்.

மாலை வெளிச்சத்தின் விளைவு அளந்து காட்டப்பட்டிருக்கிறது. நேர மண்டல எல்லையை ஒட்டி, அஸ்தமனம் ஒரு மணி பிந்தும் பக்கத்தில் வாழும் அமெரிக்கர் சராசரியாக 19 நிமிடம் குறைவாக உறங்குவதாக ஜுன்தெல்லாவும் மட்சோனாவும் 2019இல் காட்டினர். முழு நாட்டுக்கும் ஒரே நேரத்தை வைத்திருக்கும் இந்தியாவை ஆராய்ந்த மௌலிக் ஜக்நானி, அஸ்தமனம் ஒரு மணி பிந்தினால் குழந்தைகளின் உறக்கம் ஏறத்தாழ அரை மணி குறைகிறது என்று கண்டார். பிந்திப் படுக்கிறார்கள், பள்ளி பிந்துவதில்லை, இழப்பு உறக்கத்தில் விழுகிறது. கோலாலம்பூரின் அஸ்தமனமும் இவ்வாறே பிந்தி, ஆண்டு முழுதும் ஏறத்தாழ 7 மணிக்கும் 7.30க்கும் இடையிலேயே நிகழ்கிறது.

இதற்கு எதிராக எழும் முதல் கேள்வி: நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் உடல் பழகிக்கொள்ளவில்லையா? பழக்கம் என்ற கருத்தே இங்குப் பொருந்தாது. கோலாலம்பூரிலிருந்து இலண்டன் செல்பவரின் உடல் சில நாளில் மாறுவது அங்கே ஒளி வேறு வேளையில் விழுவதால்தான். 1982இல் மாறியது ஒளியன்று, அதற்கு நாம் இட்ட எண். எண்ணைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் உறுப்பு எதுவும் உடலில் இல்லை. ஆனால் ஒளியின்றிச் சமூகக் குறிப்புகளே கடிகாரத்தைத் திருத்தும் என்பதற்கு ஒரு வலுவான சான்று தமிழ்நாட்டிலேயே உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் ஆகியோர் 1981இல் வெளியிட்ட ஆய்வில், மாறா இருள் நிறைந்த குகையில் அடைத்துவைத்த வௌவால், வெளியே பறந்து திரும்பும் தன் இனத்தின் நடமாட்டத்தை வைத்தே நாளை ஒழுங்குபடுத்திக்கொண்டது. துணை இல்லாத குகையில் அதன் சுற்று வெளியுலகிலிருந்து விலகித் தன் போக்கில் ஓடியது. மனிதருக்கும் சமூகக் குறிப்பே முதன்மை என்று ஒரு காலத்தில் நம்பப்பட்டது. 1980க்குப் பின் வந்த ஒளி ஆய்வுகள் அந்நம்பிக்கையைத் தளர்த்தின. மேலும், வௌவாலின் சமூகக் குறிப்பு உடற்கடிகாரத்தையே மாற்றியது. பள்ளி மணியோ உறக்கத்தை இடையில் முறிக்கிறது. வார நாளில் முன்கூட்டி எழுந்து விடுமுறையில் நெடுநேரம் உறங்கும் இரட்டை வாழ்க்கையே, அம்மணி உள்ளே இருக்கும் கடிகாரத்தைத் தொடவில்லை என்பதற்குச் சான்று. ரோனபெர்க் குழுவினர் 2006இல் இதற்குச் சமூக ஜெட்லேக் எனப் பெயரிட்டனர்.

இரண்டாவது கேள்வி இன்னும் கூரியது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸின் அடுக்குமாடிகளிலும் கிள்ளான் நகரிலும் வாழ்வோர் மின்விளக்கில் வாழ்கிறார்கள்; அவர்களுக்குச் சூரியோதயம் எதற்கு? ஜெர்மனியின் தீர்க்கரேகைகளை ஒப்பிட்ட ரோனபெர்க் குழுவின் 2007ஆம் ஆண்டு ஆய்வு இக்கேள்விக்குத் துணைநிற்பதுபோல் தோன்றும். சிற்றூர் மக்களின் உறக்கம் பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில் கதிரவனைத் தொடர, பெருநகரங்களில் அத்தொடர்பு தளர்ந்திருந்தது. ஆனால் தளர்ந்த கயிறு எந்தப் பக்கம் போகிறது என்று கேட்கவேண்டும். 2013இல் ரைட் குழுவினர் நகரவாசிகளை ஒரு வாரம் மின்விளக்கின்றி வெட்டவெளியில் தங்கவைத்தபோது, உடலுக்கு இரவை உணர்த்தும் மெலட்டோனின் சுரப்பு அவர்களிடம் ஏறத்தாழ 2 மணி முன்னதாகவே தொடங்கியது. நகர ஒளி மனிதரைக் கதிரவனிடமிருந்து விடுவித்து நடுநிலையில் நிறுத்தவில்லை. பின்னிரவை நோக்கித் தள்ளியிருக்கிறது. நகரவாசம் இடைவெளியை அழிப்பதற்கு மாறாகக் கூட்டுகிறது.

மூன்றாவது மறுப்பு மலேசியத் தமிழரின் வரலாற்றிலிருந்தே வரக்கூடியது. ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு என்னும் ஆட்கணக்கெடுப்புக்கு நின்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதிகாலை எழுவது பாரமா? பால்மரத்தின் உள்ளழுத்தம் வெயில் ஏறுமுன் மிகுதியாக இருப்பதால் அப்போதுதான் பால் நன்கு வடியும். தோட்டத்தின் காலை, மரத்தின் உடலியலுக்குக் கட்டுப்பட்டிருந்தது. ஆனால் அந்த வாழ்வில் இரண்டு முனைகளும் சேர்ந்தே நகர்ந்தன. மின்சாரம் வராத லயன் வீடுகளில் இரவும் சீக்கிரம் அடங்கியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாக மாறியும் குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் பெயர்ந்தபோது, அதிகாலை எழும் கட்டாயம் கூடவே வந்தது. சீக்கிரம் அடங்கும் இரவு வரவில்லை. முன்னெழுதல் தனியே தீங்கன்று. பின்தூங்கலோடு இணைந்த முன்னெழுதலே தீங்கு. அந்த மறுப்பு பாதி வரலாற்றை மட்டும் சொல்கிறது.

விளைவு வகுப்பறைக் கொட்டாவியோடு நிற்பதில்லை. 2009இல் ஷீர் குழுவினர் ஆய்வுக்கூடத்தில் உணவையும் உறக்கத்தையும் உடற்கடிகாரத்திலிருந்து பிரித்தபோது, சில நாளிலேயே இரத்தச் சர்க்கரை 6 விழுக்காடும் இன்சுலின் 22 விழுக்காடும் உயர்ந்தன. மலேசியாவின் 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் வயதுவந்த இந்தியர்களிடையே நீரிழிவு ஏறத்தாழ 31 விழுக்காடு. நாட்டின் சராசரி 18.3. இந்த வேறுபாட்டுக்கு நேரமே காரணம் என்று சொல்வது பிழை: மரபு, உணவு, வருமானம், துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் காவல் பணியிலும் பார்க்கும் ஷிஃப்டு வேலை எனப் பல இழைகள் இதில் உண்டு. இவ்வளவு சுமையுள்ள சமூகம், குறைந்த செலவில் திருத்தக்கூடிய ஓர் இழையைக் கவனியாது விடலாகாது என்பதே சொல்லத்தக்கது.

திருத்தம் எப்படி? நாட்டின் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பினால் சபா, சரவாக்கோடு பெற்ற ஒருமை முறியும். வணிகமும் அதை ஏற்காது. பள்ளி மணியை நகர்த்த இத்தடைகள் இல்லை. பிந்தித் தொடங்கினால் பிள்ளைகள் பிந்தியே படுப்பார்கள் என்ற ஐயத்துக்கு அண்டை நாட்டில் விடை இருக்கிறது. இதே கடிகாரத்தையும் இதே வானத்தையும் கொண்ட சிங்கப்பூரில், நன்யாங் பெண்கள் உயர்நிலைப்பள்ளி 2016இல் தொடக்கத்தை 7.30இலிருந்து 8.15க்கு மாற்றியது. ஒரு மாதத்துக்குப் பின் படுக்கும் நேரம் 9 நிமிடமே பிந்தியது. எழும் நேரம் ஏறத்தாழ 32 நிமிடம் பிந்தியது. ஒன்பது மாதத்துக்குப் பின் உறக்கத்தில் நிலைத்த ஆதாயம் 10 நிமிடம். பலன் சிறியது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அது வியப்புமன்று, இரவு விளக்கும் கைப்பேசியும் டியூஷனும் அப்படியே இருந்தன. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 2014 முதல் பரிந்துரைக்கும் 8.30 தொடக்கம் இங்கு ஏற்றதா என்பதும் ஆராயப்படவேண்டும். பெற்றோர் வேலை நேரம், பள்ளிப் பேருந்து, நெரிசல், இரு வேளைப் பள்ளிகளின் இடப்பற்றாக்குறை ஆகியவை மெய்யான தடைகள். எனினும் அரசு அலுவலகங்களில் பல தொடக்க நேரங்கள் ஏற்கெனவே நடைமுறையில் இருப்பதால், குடும்பங்களின் காலையைச் சற்று நெகிழ்த்துவது புதுமையன்று.

இவ்வாதத்தைச் சோதிக்கும் வழியும் நாட்டுக்குள்ளேயே உண்டு. கோத்தா கினாபாலு கோலாலம்பூருக்குக் கிழக்கே 14 பாகைக்கும் மேல் தள்ளி இருப்பதால், ஒரே கடிகாரத்தின்கீழ் அங்கே கதிரவன் ஏறத்தாழ 58 நிமிடம் முந்துகிறது. பாடத்திட்டமும் எஸ்.பி.எம். தேர்வும் ஒன்றே. பள்ளி தொடங்கும் நேரம், வருமானம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டபின்னும் இரு நகர மாணவரின் உறக்க நீளமும் விடுமுறை நாள் தாமதமும் வேறுபடவில்லை என்றால், இக்கட்டுரையின் அடிப்படை தளரும். வேறுபட்டால், படிவம் 4, 5 வகுப்புகளைச் சில கிள்ளான் பள்ளத்தாக்குப் பள்ளிகளில் ஒரு மணி பிந்தித் தொடங்கிப் பார்க்கும் சோதனையைத் தள்ளிப்போடக் கல்வி அமைச்சுக்கு நியாயம் இராது.