பியர் கடையில் பிறந்த வேதப்பள்ளி

திண்டிவனத்தில் ஏப்ரல் பாதிக்கு மேல் வெயில் எப்படி அடிக்கும் என்பதற்கு, ஹைவே ஓரம் தர்பூசணியைக் குவித்து வைத்துக்கொண்டு தலையில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருப்பவர்களே சாட்சி. ஊர்ப்பெயரிலேயே புளி இருக்கிறது. திந்திரிணி என்றால் புளியமரம். திந்திரிணி வனம்தான் மருவித் திண்டிவனம் ஆனது என்பார்கள். முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே மிச்சமிருக்கிற மரங்களில் கல் விழ ஆரம்பிக்கும். அம்மாக்களின் பொறுமை ஒரு வாரம் தாங்கும். அதற்குள் சர்ச் காம்பவுண்டில் பேனர் கட்டிவிடுவார்கள்: விடுமுறை வேதாகமப் பள்ளி. முழுப்பெயரை யாரும் சொல்வதில்லை. வி.பி.எஸ்.

எட்டு வயதில் நான் முதன்முதலில் போன வி.பி.எஸ். ஒரு வேப்பமரத்தடியில் நடந்தது. பாய் போட்டு உட்கார வைத்தார்கள். பெரியவர்கள் வகுப்புக்கு மட்டும் ஹால். அந்த ஹாலுக்குள் நாங்கள் எட்டிப் பார்ப்பதே வேதாகம ராட்சதன் கோலியாத்துக்காகத்தான். பலகையில் ஃபிளானல் துணியை இழுத்துக் கட்டி, பின்பக்கம் துணி ஒட்டிய காகிதப் படங்களை, பாடம் எடுக்கிற அக்கா ஒவ்வொன்றாக அதில் வைப்பார். தாவீது கவணைச் சுழற்றுவதற்கு முன்பே மேலே சுற்றுகிற ஃபேன் காற்றில் கோலியாத் குப்புற விழுந்துவிடுவான். அக்கா எடுத்து ஒட்டுவார். மறுபடி விழுவான். ஃபேனை நிறுத்தினால் பிள்ளைகள் புழுக்கத்தில் கத்துவார்கள். கடைசியில் ஒரு பையனைக் கூப்பிட்டு, கோலியாத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். கல் பட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். அந்த வேலைக்குப் பத்து நாளும் போட்டி இருந்தது.

பத்தரை மணிக்கு எவர்சில்வர் பக்கெட்டில் ரஸ்னா வரும். ஐஸ் ஃபேக்டரியில் வாங்கிய கட்டியைச் சாக்கில் சுற்றி உடைத்துப் போட்டிருப்பார்கள். ஆளுக்கு ஒரு பன். அப்புறம் கைவேலை. ஐஸ்குச்சிகளைச் சேர்த்துக் கழுவிக் காயவைத்துப் பேனா ஸ்டாண்ட் செய்ய வேண்டும். அந்தப் பத்து நாளும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஐஸ் வண்டியைச் சுற்றி ஒரு குச்சி தரையில் கிடக்காது. எங்கள் தெருவில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனால் எல்லோர் வீட்டு டி.வி.க்குப் பக்கத்திலும் ஐஸ்குச்சிப் பேனா ஸ்டாண்ட் ஒன்று இருந்தது.

இந்த ஏற்பாடு வேதாகமத்தோடு சேர்ந்தே வந்தது என்றுதான் நீண்ட நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அதற்கு வயது நூற்று முப்பது சொச்சம்தான். அது கால் ஊன்றிய இடத்தைக் கேட்டால் நம்மூர்ப் போதகர்கள் கொஞ்சம் நெளிவார்கள்.

வி.பி.எஸ்.ஸுக்கு ஒரு பாட்டி உண்டு: ஞாயிறு பள்ளி. நம் பக்கத்துப் பழைய சபைகளில் ஓய்வுநாள் பள்ளி என்பார்கள். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரைக்ஸ் என்ற பத்திரிகை முதலாளி அதை ஆரம்பித்தார். குண்டூசி செய்யும் பட்டறைகளில் பிள்ளைகள் வாரத்தில் ஆறு நாள் வேலை பார்த்த காலம். ஏழாம் நாள்தான் விடுப்பு. அன்று தெருவில் ஒரே ரகளை. அந்த ஒரு நாளில் அவர்களை உட்கார வைத்து எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள். வாசிக்கப் புத்தகம் வேண்டுமே, கையில் இருந்தது வேதாகமம். ஆக, முதல் ஞாயிறு பள்ளியின் பெரிய பாடம் அ, ஆவன்னாதான்.

இதை வாசித்தபோது எங்கள் வீட்டு இரவு ஜெபம்தான் ஞாபகம் வந்தது. சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் பாயில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் வாசிக்க வேண்டும். சுற்று வரும்போது என் பங்கில் எந்த வசனம் விழும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, அதில் இருக்கும் நீளமான சொல்லை மனசுக்குள் உடைத்து வைத்துக்கொள்வேன். பழைய மொழிபெயர்ப்பில் பத்துப் பன்னிரண்டு எழுத்துச் சொற்கள் சாதாரணம். தடுக்கினால் அப்பா திருத்த மாட்டார். மறுபடி வாசி என்பார். சோறு ஆறிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிற கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய. நம்மூரில் அது அபூர்வம். பீஸ் கட்டி ஸ்கூலுக்கு அனுப்பினால்தான் நமக்குத் தூக்கம் வரும். ஆனால் அந்தப் பாய்தான் எங்களுக்கு வீட்டுப் பள்ளி. நான் தமிழ் தடுக்காமல் வாசிக்கக் கற்றது அங்கேதான், வகுப்பில் இல்லை.

இனி அமெரிக்கா. 1894. இல்லினாய் மாநிலத்தில் ஹோப்டேல் என்று ஒரு சின்ன ஊர். அங்கே திருமதி டி. டி. மைல்ஸ் பள்ளிக்கூடத்தில் டீச்சர், ஞாயிறு பள்ளியிலும் டீச்சர். வாரம் ஒரு மணி நேரத்தில் என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது என்ற சலிப்பு அவருக்கு. ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்த யாருக்கும் இது தெரியும்: போன வாரக் கதையை ஞாபகப்படுத்தி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். கோடை விடுமுறையில் பள்ளிக்கூடக் கட்டடம் பூட்டித்தானே கிடக்கிறது என்று அதையே கேட்டு வாங்கி, நான்கு வாரம் தினமும் வகுப்பு நடத்தினார். ஏறத்தாழ நாற்பது பிள்ளைகள் சேர்ந்தார்கள். இடைவேளையில் விளையாடப் பக்கத்திலேயே பூங்கா. வி.பி.எஸ்.ஸின் முதல் வடிவம் இதுதான் என்று பலர் சொல்கிறார்கள்.

ஆனால் அது அந்த ஊரோடு நின்றது. ஊர் ஊராகப் பரவிய வி.பி.எஸ். நியூயார்க்கில் பிறந்தது.

1898 ஜூலை. எபிஃபனி பாப்டிஸ்ட் சபையில் சிறுவர் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் எலைசா ஹாஸ் அம்மையார். நகரின் கிழக்குப் பகுதி அப்போது ஒண்டுக் குடித்தனங்களால் பிதுங்கிக் கொண்டிருந்தது. காற்று புகாத அறைகளில் குடியேறி வந்த குடும்பங்கள். கோடை வந்தால் பிள்ளைகள் பகல் முழுக்கத் தெருவில்தான். அவர்களைக் கூட்டி வைக்க ஓர் இடம் தேடினார் அம்மையார். கிடைத்தது ஒரு பியர் கடை. வாடகைக்கு எடுத்துவிட்டார். அன்றாட வேதப்பள்ளி என்று பெயர் வைத்தார்.

இதை நம்மூரில் வைத்துப் பாருங்கள். விழுப்புரத்தில் ஒரு சபையின் சிறுவர் ஊழிய அக்கா டாஸ்மாக் பாரை வாடகைக்குப் பிடித்து வி.பி.எஸ். நடத்துகிறார் என்றால் சபைக் கமிட்டி எத்தனை நாள் கூடிப் பேசும்? கணக்கு என்னவோ சரியாகத்தான் வருகிறது. டாஸ்மாக் பகல் பன்னிரண்டுக்குத் திறக்கும், வி.பி.எஸ். பன்னிரண்டுக்கு விட்டுவிடும்.

அந்தப் பியர் கடைக்குள் நடந்ததைக் கேட்டால் என் வேப்பமரத்தடி அப்படியே வருகிறது. பாட்டு, வேதாகமக் கதை, மனப்பாட வசனம், விளையாட்டு, படம் வரைதல், கைவேலை. சமையல்கூடச் சொல்லிக்கொடுத்தார்கள். ரஸ்னா மட்டும்தான் நம்முடைய கண்டுபிடிப்பு போலிருக்கிறது.

இங்கே ஒரு சின்ன விலகல். அதே 1898இல் அதே நியூயார்க்கின் அதே கிழக்குப் பகுதியில் புதிதாகத் திறந்த கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ஒரு பெண் வந்து சேர்ந்தார். பெயர் ஐடா ஸ்கடர். ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்தவர். அவருடைய அப்பா திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷன் மருத்துவர். 1890களின் தொடக்கத்தில் ஓர் இரவு, திண்டிவனம் பங்களா வாசலில் அடுத்தடுத்து மூன்று பேர் வந்து பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க வரும்படி ஐடாவைக் கூப்பிட்டதும், ஆண் மருத்துவர் வேண்டாம் என்று அவர்கள் திரும்பிப் போனதும், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனதும் தமிழ்நாடு அறிந்த கதை. ஐடா தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு விதை விழுந்த இடம் எங்கள் ஊர் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு எப்போதும் ஆசை. ஐடாவும் ஹாஸ் அம்மையாரும் தெருவில் சந்தித்துக்கொண்டார்கள் என்று நான் கதை கட்டப்போவதில்லை. ஒரே ஊர், ஒரே ஆண்டு, அவ்வளவுதான். ஒருவர் தொடங்கியது வேலூரில் கட்டடமாக நிற்கிறது. மற்றவர் தொடங்கியது வருஷா வருஷம் பாய் விரித்து, பாய் சுருட்டுகிற வேலையாகவே இருக்கிறது.

தனி ஒருவர் ஆசையாக நடத்தியதை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் ராபர்ட் போவில். நியூயார்க் பாப்டிஸ்ட் நகர மிஷன் சங்கத்துக்காரர். 1901இல் அவர் கண்ணில் பட்டவை மூன்று. பிள்ளைகள் கோடையில் சும்மா இருக்கிறார்கள். சர்ச் கட்டடங்கள் வார நாளில் சும்மா கிடக்கின்றன. வேதாகமக் கல்லூரி மாணவர்களும் விடுமுறையில் சும்மாதான். மூன்று சும்மாவையும் ஒன்றாகக் கட்டினார். முதல் கோடையிலேயே ஐந்து இடங்களில் ஆயிரம் பிள்ளைகள் வந்தார்கள் என்பது கணக்கு. பிறகு வேறு நகரங்கள், வேறு சபைகள். 1922இல் இதற்கென்று உலக அளவில் சங்கமே அமைத்தார். அடுத்த ஆண்டு ஸ்டாண்டர்ட் பதிப்பகம் வயதுவாரியாகப் பிரித்த பாடப் புத்தகத்தை அச்சடித்தது. பிகினர்ஸ், பிரைமரி, ஜூனியர், இன்டர், சீனியர் என்று இன்றைக்கும் விழுப்புரத்துப் பிள்ளைகள் சொல்கிற வரிசையும் அப்படி வயதுவாரியாகப் பிரித்ததுதான்.

நம் பக்கம் நிலம் முன்பே உழுது கிடந்தது. அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853இல் தொடங்கியது. திருக்கோவிலூர்ப் பக்கம் டேனிஷ் மிஷன் பள்ளியும் ஆஸ்பத்திரியும் வந்தன. அந்த வழி வந்ததுதான் ஆற்காடு லுத்தரன் சபை. இந்திய ஞாயிறு பள்ளி ஒன்றியம் 1876லேயே அமைந்துவிட்டது. அதனால் வி.பி.எஸ். இங்கே வந்தபோது டீச்சர்கள் தயாராக இருந்தார்கள். மாற்ற வேண்டியிருந்தது காலண்டர்தான். அங்கே ஜூலை. இங்கே அக்னி நட்சத்திரத்துக்கு நடுவே பத்து நாள், காலை ஒன்பதுக்கு ஆரம்பம். ஏப்ரலில் டீச்சர்களுக்குப் பயிற்சி வைப்பார்கள். பெரும்பாலும் பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள்தான் டீச்சர். மார்க் வருகிற பயத்தை ஆக்‌ஷன் சாங் ஆடித் தீர்த்துக்கொள்வார்கள். போவில் சொன்ன மூன்றாவது சும்மா நம்மூரில் இவர்கள்தான்.

கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகள் வருவதைப் பற்றி இன்றைக்குப் பேச்சு எழுகிறது. எழுவதில் தப்பில்லை. இது வேதாகமம் சொல்லிக்கொடுக்கிற இடம் என்று பேனரிலேயே எழுதியிருக்கிறது. பெற்றவர்கள் தெரிந்து அனுப்ப வேண்டும், நடத்துகிறவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் பக்கத்து வீட்டுப் பையன் பத்து நாளும் வந்தான், வசனப் போட்டியில் என்னைத் தோற்கடித்து டிபன் பாக்ஸ் பரிசு வாங்கினான். அவன் அம்மா அந்த டிபன் பாக்ஸில் மயிலம் பங்குனி உத்திரத்துக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு போனார். எங்கள் தெருவில் அதை யாரும் செய்தியாகவே நினைக்கவில்லை.

எனக்கு இருக்கிற குறை வேறு. போன வருஷம் என் மகளை ஒரு சபைக்குக் கூட்டிப்போனேன், பெயர் வேண்டாம். ஏ.சி. ஹால், எல்.இ.டி. திரை, நுழைவுக் கட்டணம், டி-ஷர்ட். ஏற்பாடு பிரமாதம். கோலியாத் திரையில் கர்ஜித்துக்கொண்டு வந்தான், ஒரு தடவைகூடத் தானாக விழவில்லை. வெளியே கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பிள்ளைகள் பாட்டுக்குத் தகுந்தபடி கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பெயர் கொடுக்கவில்லையாம். டி-ஷர்ட் எண்ணித்தான் தைத்திருந்தார்களாம். வாட்ச்மேன் மேல் கோபப்பட்டு என்ன செய்ய, அவர் சொன்னதைச் செய்கிறவர்.

ஹாஸ் அம்மையாருக்கும் இப்படி ஒன்று நடந்தது. பியர் கடையில் பள்ளி நன்றாக ஓடுவதைப் பார்த்த போதகர், இனிமேல் சர்ச்சிலேயே நடத்தலாமே என்றார். மரியாதையான யோசனைதான். அம்மையாரும் மாற்றினார். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். கிழக்குத் தெருக்களின் பிள்ளைகள் அவ்வளவு தூரம், அப்படிப்பட்ட கட்டடத்துக்குள், வரவில்லை. அம்மையார் பிடிவாதம் பிடிக்கவில்லை. பள்ளியை மறுபடி பியர் கடைக்கே கொண்டுபோனார்.

விழுப்புரம், திண்டிவனம் சபைகளில் வருகிற ஏப்ரலில் கமிட்டி கூடும்போது மேலே உள்ள பத்தியை மட்டும் யாராவது எழுந்து வாசித்தால் நன்றாக இருக்கும். டி-ஷர்ட் தைப்பதானால் இருபது கூடுதலாகத் தைத்து வையுங்கள். கேட்டைப் பன்னிரண்டு மணி வரை சாத்தாதீர்கள்.